மாவட்டத்துக்கு ஒரே மதிப்பெண்

அன்புள்ள ஐயா,

மும்பையில், செம்பூரில் வாடகைக்கு இருக்கிறேன். குர்லாவில் தரைத்தள வீடு ஒன்று விலைக்கு வருகிறது. முட்டிவலியால் அம்மாவுக்குப் படியேற முடியாது. மாவட்டவாரியாக இயற்கைப் பேரிடர் அபாயங்களைத் தரம்பிரித்த அட்டவணை ஒன்றைப் பார்த்தேன். நிலநடுக்கம், புயல், வெள்ளம் ஆகியவற்றில் நான் எதற்கு அதிகம் அஞ்ச வேண்டும்? குடிசைவாசிகள் மித்தி ஆற்றை அடைக்காமல் இருந்திருந்தால் வெள்ளக் கவலையே இருந்திருக்காது, அல்லவா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

மழை தொடங்கியதிலிருந்து நானும் இதையே நினைத்துக்கொண்டிருப்பதால் உடனே எழுதுகிறேன். நிலநடுக்க வரைபடத்தில் மும்பை நெடுங்காலமாக, மிதமான அபாயம் உள்ள மூன்றாம் மண்டலத்தில் இருந்து வந்திருக்கிறது. கட்டடத்தின் உறுதிக்குப் பொறியாளரின் சான்றைக் கேட்டு வாங்குங்கள். புயலை வானிலைத் துறை முன்கூட்டியே சொல்லிவிடும். இவ்விரண்டையும் இத்துடன் விடுவோம்.

எனக்குப் பொறுக்காதது அந்த அட்டவணைதான். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அதே நகரத்தின் தென்முனையான கொலாபாவில் 75 மில்லிமீட்டர்கூட இல்லை. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் ஏறத்தாழ 500 வரும். அது இரண்டு இடங்களிலும் பெய்யாத மழை. பரந்த பகுதிக்கு ஒரே மதிப்பெண் போடுகிறவர்கள் இப்படிப் பெய்யாத மழையைத்தான் கணக்கில் எழுதுகிறார்கள்.

மழை அளவு மட்டும் தெரிந்தாலும் போதாது. மும்பையின் பழைய வடிகால்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழையைத் தாங்கும்படி கட்டப்பட்டவை. அவற்றில் பல, கடல்நீர் ஏறி நிற்கும் ஏற்ற மட்டத்துக்குக் கீழே வாய் திறக்கின்றன. ஆகவே கடல் வற்றியிருக்கும்போது வடிந்துவிடுகிற அதே மழை, ஏற்ற நேரத்தில் தெருவிலேயே நிற்கும். தாராவியில் என் சித்தி குடியிருந்த சந்தில், பழைய கான்கிரீட்டை உடைக்காமல் அதன்மேலேயே புதிதாகப் போட்டுப் போட்டுச் சந்து உயர்ந்துகொண்டே போனது. ஒரு காலத்தில் படியேறி நுழைந்த வீட்டுக்குள் பிறகு படியிறங்கி நுழைய வேண்டியிருந்தது. வாசலில் செங்கல் வைத்துப் பூசித் தடுப்புக் கட்டினார்கள். தண்ணீர் வாசல் பக்கம் வராமல் வீட்டுக்குள் பாத்திரம் கழுவும் மோரியின் துளை வழியாகக் கொப்பளித்து வந்தது. சித்தி பழைய சேலையைச் சுருட்டி அதில் திணித்து, மேலே அம்மிக்கல்லைத் தூக்கி வைப்பார். அரிசி டின் அதற்கு முன்பே பரணுக்குப் போயிருக்கும். அடுத்த சந்தில் அதே மழையில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருப்பார்கள். இந்த வேறுபாட்டைக் கணக்கெடுக்காத மதிப்பீட்டை வைத்துக்கொண்டு யாரைக் காப்பாற்றுவது?

குடிசைவாசிகளைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அதற்குச் சற்று வெட்கப்படுங்கள். ஆற்றில் குப்பை விழுவது உண்மை. ஆனால் மித்தியை வளைத்து விமான ஓடுதளத்தின் அடியில் ஓட விட்டது குடிசைக்காரரா? பாந்த்ரா-குர்லா அலுவலக வளாகத்துக்காகச் சதுப்பையும் அலையாத்திக் காட்டையும் மேடாக்கியது அவரா? வேறெங்கும் இடம் கிடைக்காமல் கரையில் ஒண்டியவர்மேல் பழியைப் போடுவது நமக்கு வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் அம்மாவை நினைத்தால்தான் எனக்குக் கலக்கமாக இருக்கிறது. படியேற முடியாதவர் என்பதற்காகத் தரைத்தளம் பார்க்கிறீர்கள். தண்ணீர் உள்ளே வந்தால் படியேற முடியாத அவரை எங்கே ஏற்றுவீர்கள்? அபாயம் என்பது எவ்வளவு தண்ணீர் என்பதோடு, அதன் நடுவில் யார் இருக்கிறார் என்பதையும் பொறுத்தது. லிஃப்ட் உள்ள கட்டடத்தில் முதல் மாடி கிடைக்குமா என்று பாருங்கள். மின்சாரம் நின்றாலும் அவர் மேலேயே இருப்பார். குர்லா வீட்டை விட மனமில்லையென்றால், கடல் ஏற்றம் 4.5 மீட்டரைத் தாண்டுகிற ஒரு மழை நாளில் நேரில் போய், தரகரை விட்டுவிட்டு, பக்கத்து வீட்டு அம்மாளிடம் அவர் ஃப்ரிட்ஜை எத்தனை செங்கல் உயரத்தில் வைத்திருக்கிறார் என்று கேளுங்கள்.