சீனியர் டீச்சர்கள் வழிவிடவில்லை, தனிச் சங்கம் தொடங்கலாமா?

வாசகி ஒருவர் கேட்டிருப்பது: "எங்கள் ஊரில் பெண் ஆசிரியர்களுக்கென்று பதிவு செய்த சங்கம் ஒன்று முப்பது வருடத்துக்கு மேலாக இருக்கிறது. பதிவேட்டில் நூறு பெயருக்கு மேல் உண்டு, கூட்டத்துக்கு வருவது பதினைந்து பேர், அதில் பாதிப் பேர் ஓய்வு பெற்றவர்கள். போன வருடம் சேர்ந்த நாங்கள் ஆறு பேர் எது சொன்னாலும் 'பார்க்கலாம்மா' என்பதோடு முடிந்துவிடுகிறது. பேசாமல் தனியாகத் தொடங்கிவிடலாமா?"

வேண்டாம் டீச்சர். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் இருந்தால் சங்கம் பதிவு செய்யலாம், உங்களுக்கு இன்னும் ஒரே ஒரு ஆள்தான் குறைகிறது, அதனால் ஆசை வருவது புரிகிறது. ஆனால் பழைய சங்கத்தின் பெயர், வங்கிக் கணக்கு, ஊரில் அதற்கிருக்கும் மரியாதை எதுவும் உங்களோடு வராது. வருடா வருடம் கணக்குத் தாக்கல் செய்கிற தலைவலி மட்டும் தவறாமல் வரும்.

நீங்கள் சீனியர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் கேட்பது பதிவேட்டில் பெயர் இருந்தும் வராத அந்த எண்பது சொச்சம் பேரைப் பற்றி. அவர்கள் யார்? நான் பார்த்த வரையில் இப்படிப்பட்ட சங்கங்களில் காணாமல் போவது நாற்பதிலிருந்து ஐம்பத்தைந்து வயதுக்காரர்கள்தான். மூத்தவர்களுக்கு நேரம் இருக்கிறது, புதியவர்களுக்கு உற்சாகம் இருக்கிறது, நடுவில் இருப்பவர்களுக்கு இரண்டும் இல்லை, பிள்ளைக்குப் பிளஸ் டூ, மாமியாருக்கு முழங்கால் வலி, பள்ளியில் எமிஸ் (மாணவர் விவரங்களை ஏற்றும் அரசு இணையதளம்) பதிவு. அவர்கள் வரவேண்டுமானால் வந்தால் ஏதாவது கிடைக்க வேண்டும், பொன்னாடையும் சுண்டலும் போதாது.

அவர்களுக்கு இப்போது என்ன தேவை என்று யோசிக்கவே வேண்டாம். 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு நினைவிருக்கிறதா? எட்டாம் வகுப்பு வரை கற்பிக்கிறவர்கள், ஆசிரியர் தகுதித் தேர்வு (டெட்) கட்டாயமாவதற்கு முன்பே பணியில் சேர்ந்தவர்களாக இருந்தாலும், ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருந்தால் இரண்டு வருடத்துக்குள் டெட் தேர்ச்சி பெற வேண்டும் என்றது. ஐந்து வருடத்துக்குள் ஓய்வு பெறுகிறவர்கள் பணியில் தொடரலாம், ஆனால் பதவி உயர்வு வேண்டுமென்றால் அவர்களும் எழுதத்தான் வேண்டும். மறுஆய்வு மனு அது இது என்று ஒரு பக்கம் நடக்கட்டும், அதை நம்பிப் புத்தகத்தைத் திறக்காமல் இருக்க முடியாது.

இந்தத் தேர்வை உங்கள் சங்கத்தில் ஏற்கெனவே எழுதித் தேறியவர்கள் யார்? நீங்கள்தானே! முதல் தாளில் 150 மதிப்பெண், குழந்தை மேம்பாடு, தமிழ், ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல் என்று ஒவ்வொன்றுக்கும் முப்பது. இருபத்தைந்து வருடம் வகுப்பெடுத்த டீச்சருக்குக் கணிதம் தண்ணீர் பட்ட பாடு, ஆனால் குழந்தை உளவியலில் வரும் பியாஜேயும் வைகாட்ஸ்கியும் மறந்து எத்தனையோ வருடம் ஆகியிருக்கும், பரீட்சை ஹாலில் மாணவியாக உட்காரும் கூச்சம் வேறு. வெளியில் கோச்சிங் சென்டருக்குப் போனால் தன்னிடம் படித்த பையனே பக்கத்தில் இருப்பானோ என்று பயம். (சிரிக்காதீர்கள், என்னிடம் ஒருவர் இதைச் சொல்லி நிஜமாகவே அழுதார்.) சங்கத்து அறையில், பெண்கள் மட்டும், சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம், உங்கள் பழைய நோட்ஸை வைத்து நடத்துங்கள். குழந்தைகளையும் கூட்டி வரலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு அறிவிப்பைத் தட்டிவிட்டு உட்காராமல், ஆளுக்குப் பதினைந்து பேர் என்று பிரித்துக்கொண்டு போனில் கூப்பிடுங்கள். அவர்கள் பதிலுக்கு எஸ்.ஆர். (பணிப் பதிவேடு) சரிபார்ப்பது, விடுப்பு விதி, தலைமையாசிரியரிடம் எழுத்தில் கேட்பது எப்படி என்பதெல்லாம் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள்.

ஓய்வு பெற்றவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. 2013ஆம் வருடச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு வேண்டும், அதில் பெண்கள் நலனுக்காக இயங்கும் அமைப்பிலிருந்தோ, இந்தப் பிரச்சினையை அறிந்தவர்களிலிருந்தோ ஒருவர் வெளியிலிருந்து இருக்க வேண்டும். தனியார் பள்ளிகள் பல இதற்கு ஆள் தேடி அலைகின்றன. நிதானமான இரண்டு சீனியர்கள் முறையாகப் பயிற்சி எடுத்துக்கொண்டால் அவர்களைத் தேடி வருவார்கள்.

அப்புறம் பைலா, அதாவது சங்கத்தின் விதிமுறைகள். முதலில் அதன் நகலை வாங்கிப் படியுங்கள், பாதிச் சங்கங்களில் தலைவருக்கே அது எங்கே என்று தெரியாது. சட்டப்படி செயற்குழுவின் பதவிக்காலம் மூன்று வருடத்துக்கு மேல் போகக் கூடாது. புதியவர் சேர இரண்டு பழைய உறுப்பினர் சிபாரிசு வேண்டும் என்பது போன்ற விதி இருந்தால் அதை மாற்றப் பாருங்கள், ஆனால் கிண்டல் செய்யாதீர்கள், அதற்கும் ஒரு காலத்தில் காரணம் இருந்திருக்கும். 1929இல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் ஆனி வெப் பிளான்டன் என்ற கல்வியாளர் இன்னும் 11 ஆசிரியைகளோடு டெல்டா கப்பா காமா சங்கத்தைத் தொடங்கியபோது எதிர்ப்புக்குப் பயந்து ரகசியமாகத்தான் தொடங்கினார்கள், அழைத்தால்தான் சேர முடியும். அன்றைக்கு அது பாதுகாப்பு. இன்றைக்கு உங்கள் ஊரில் அதே மாதிரி விதி வெறும் பூட்டு. பைலாவைத் திருத்த 21 நாள் முன்னறிவிப்போடு பொதுக்குழு கூட்டி, வந்து வாக்களிப்பவர்களில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு வாங்க வேண்டும். பதினைந்து பேர் வரும் கூட்டத்தில் ஆறு கையைத் தூக்கி அது நடக்காது, அதனால்தான் சனிக்கிழமை வகுப்பை முதலில் சொன்னேன்.

இப்போதைக்குத் தலைவர் பதவி, செயலாளர் பதவி எதையும் கேட்காதீர்கள். அடுத்த தேர்தலில் ஒரே ஒரு இடம், முடிந்தால் இணைச் செயலாளர். கணக்குப் புத்தகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கூட்டத்தில் எழுந்து கேட்டுப் பொருளாளரைச் சங்கடப்படுத்தாமல், ஒரு சாயங்காலம் வீட்டுக்குப் போய், "அக்கா, இதை எப்படி எழுதுகிறீர்கள், எனக்கும் சொல்லிக்கொடுங்கள்" என்று பக்கத்தில் உட்காருங்கள்.