கோபுரம் வந்தால் குடும்பம் சாயுமா?

கேள்வி: நாங்கள் மூன்று தலைமுறையாக இருந்த தோட்டம் கைமாறி, லயத்து வீடுகள் உடைபட்டு ஒரு வருடம் ஆகிறது. இப்போது கொழுந்தனார் வீட்டின் பின்கட்டில் ஒண்டியிருக்கிறோம். பட்டணத்தில் ஒரு தரை வீடு பார்த்து, முன்பணம் கட்ட இருந்த வேளையில், என் மகள் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) டாரட் அட்டை வைத்துக் குறி சொல்லும் ஒருவரிடம் 30 வெள்ளி கொடுத்துக் கேட்டிருக்கிறாள். வரிசையாக மூன்று அட்டைகள் வந்தன: இடிந்து விழும் கோபுரம், இரண்டு நாணயங்களைக் கையில் ஆட்டும் ஒருவன், வாள்கள் நிற்கும் படகு. கோபுரம் வந்திருப்பதால் வீடு வாங்கினால் குடும்பம் சாய்ந்துவிடும் என்றும், பரிகாரத்துக்கு 300 வெள்ளி ஆகும் என்றும் சொன்னாராம். அந்த அட்டைக்கு உண்மையில் என்ன பொருள்?
– ஒரு தாய், தெலுக் இந்தான்

பதில்: அம்மா, உங்களை அச்சுறுத்தியதில் பாதி அந்தப் படம், மீதி, அதற்குத் தமிழில் வைத்த பெயர். 'கோபுர தரிசனம் கோடி புண்ணியம்' என்று கேட்டு வளர்ந்த நமக்குக் கோபுரம் என்றாலே கோயில்தான் நினைவுக்கு வரும். அது இடிவதாகக் காட்டினால் யாருக்கும் வயிறு கலங்கத்தான் செய்யும். படத்தில் இருப்பதோ பாறை உச்சியில் தனித்து நிற்கும் ஓர் ஐரோப்பியக் கொத்தளம்.

இன்று பரவலாகப் புழங்கும் அட்டைக்கட்டு, ஆர்தர் எட்வர்டு வெயிட்டின் திட்டப்படி பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்து 1909-இல் லண்டனில் வெளிவந்தது. 78 அட்டைகள் கொண்ட அந்தக் கட்டில் கோபுரத்தின் எண் 16. கரிய வானத்திலிருந்து மின்னல் பாய்கிறது. உச்சியில் இருந்த பொற்கிரீடம் கழன்று விழுகிறது. மூன்று சன்னல்களிலும் தீ. இருவர் தலைகீழாக விழுகிறார்கள். சன்னல் இருக்கிறதே தவிர, வாசலைத் தேடினால் கண்ணில் படாது. மின்னல் முதலில் தட்டுவது கிரீடத்தைத்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். இடி விழுந்த தென்னையை நீங்கள் பார்த்திருப்பீர்கள்: மரம் நின்றபடியே இருக்கும், குருத்து கருகித் தலை மட்டும் போயிருக்கும். இந்த அட்டை சொல்வதும் அவ்வகை இழப்பைத்தான். 'இது என்றைக்கும் இப்படியே இருக்கும்' என்று நாம் உச்சியில் சூட்டி வைத்த நம்பிக்கை ஒரு நொடியில் பறிபோவது. வெயிட் இதற்கு எழுதிய பொருள்கள் கடுமையானவை. துன்பம், வறுமை, அவமானம், எதிர்பாராத பேரிடர் என்று அடுக்கியிருக்கிறார். அவற்றை மெழுகிப் பேச நான் விரும்பவில்லை.

ஆனால் மூன்று அட்டைகளை வரிசையாக வைக்கும்போது, முதலாவது நடந்து முடிந்ததையும், நடுவிலுள்ளது இப்போதைய நிலையையும், கடைசி அட்டை இனி வருவதையும் குறிக்கும் என்பதே பெருவழக்கு. உங்கள் மகளுக்குக் கோபுரம் முதலில் வந்திருக்கிறது. பாட்டன் காலம் தொட்டுத் தோட்டமே கூரை தரும் என்றிருந்த நம்பிக்கை, லயத்தை உடைத்த அன்றே விழுந்துவிட்டதே. அதை இனி வரப்போவதாகச் சொன்னவர், தம் தொழிலின் முதற்பாடத்தையே மறந்திருக்கிறார். நடுவில் வந்தவன் இரண்டு நாணயங்களையும் கீழே விடாமல் சுழற்றுகிறான்; அவன் பின்னால் அலைகளில் கப்பல்கள் ஏறி இறங்குகின்றன. வரவையும் செலவையும் ஈடுகட்டும் குடும்பத்துக்கு இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. மூன்றாவதில், முக்காடிட்ட ஒரு பெண்ணையும் ஒரு பிள்ளையையும் படகோட்டி அக்கரைக்குக் கொண்டு போகிறான். படகின் ஒரு பக்கம் நீர் கலங்கியும் மறுபக்கம் அமைதியாகவும் இருக்கும். மகிழ்ச்சியான அட்டை என்று அதைச் சொல்ல முடியாது. இடம் பெயர்வதன் அட்டை என்று தாராளமாகச் சொல்லலாம்.

இப்படி வாசிப்பதால் வீட்டை வாங்கிவிடுங்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் மாதத் தவணை எவ்வளவு என்பது எந்த அட்டைக்கும் தெரியாது. உங்கள் ஊரிலேயே 1885-இல் எழுப்பிய மணிக்கூண்டு இன்றும் சாய்ந்தபடி நிற்கிறது. தண்ணீர்த் தொட்டியைச் சுமந்த அந்தக் கட்டடத்தைச் சாய்த்தது மின்னலன்று, அடியில் இருந்த இளகிய மண். நீங்கள் பார்க்க வேண்டியதும் அடிமண்ணைத்தான்: வீட்டுமனைப் பட்டா யார் பெயரில் இருக்கிறது, அதன்மேல் அடமானம் உண்டா, புதிய வீடாயின் மேம்பாட்டாளருக்கு உரிமம் இருக்கிறதா, ஊழியர் சேமநிதியிலிருந்து வீட்டுக்காக எவ்வளவு எடுக்கலாம், தவணை போக அடுப்பெரியக் கையில் என்ன மிஞ்சும். பரிகாரம் என்பது டாரட் மரபில் கிடையாது; நம் ஊரில் வந்து ஒட்டிக்கொண்ட வால் அது. அந்த 300 வெள்ளியை முன்பணத்தோடு சேர்த்து வையுங்கள்.

கேள்வி: பிரெஞ்சு அட்டைகளில் கோபுர அட்டைக்குத் 'தெய்வத்தின் வீடு' என்று பெயராம். அப்படியானால் கோயிலைத்தானே குறிக்கிறது? டாரட்டே எகிப்திலிருந்து வந்தது என்கிறார்களே?
– ஒரு மாணவர், பாகான் டத்தோ

பதில்: மார்செய் வகை அட்டைகளில் அந்தப் பெயர் இருப்பது உண்மை. அதற்கும் முந்திய இத்தாலியப் பட்டியல்களிலோ இதே அட்டையை நெருப்பு என்றும், மின்னல் என்றும், சாத்தானின் வீடு என்றும் எழுதியிருக்கிறார்கள். ஒரே படம் ஓரிடத்தில் தெய்வத்துக்கும் வேறோரிடத்தில் சாத்தானுக்கும் வீடாக இருந்திருக்கும்போது, பெயரை வைத்து மட்டும் பொருள் முடிவு செய்வது சரியாகாது. எகிப்துக் கதையை 1781-இல் எழுதிப் பரப்பியவர் குர் தெ ஜெபலின் என்ற பிரெஞ்சுக்காரர். எகிப்தியச் சித்திர எழுத்தைப் படிக்கும் வழியை ஷாம்போலியன் 1822-இல்தான் வெளியிட்டார் என்பதை நினைத்தால், அந்தக் கதையின் கனம் விளங்கும். டாரட் 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் சீட்டாட்டமாகத்தான் பிறந்தது. மிலான் பிரபு குடும்பத்துக்காகப் பொன்தாள் ஒட்டி வரைந்த புகழ்பெற்ற பழைய கட்டில் கோபுர அட்டையே எஞ்சவில்லை. அதன் மறுபதிப்புகளில் நீங்கள் காணும் கோபுரம், விடுபட்ட இடத்தை நிரப்பப் பின்னாளில் வரைந்து சேர்த்தது.