இரண்டு நாளில் மாலைதீவா, நிலாவெளியா?

கேள்வி: "அக்கா, எனக்கு வங்கியில் வேலை, கணவர் ஆசிரியர். கலியாணமாகிப் பன்னிரண்டு வருடமாகிறது. கதிர்காமத்தையும் சொந்தக்காரர் வீட்டுக் கலியாணங்களையும் விட்டால் குடும்பமாக எங்கும் போனதில்லை. இந்தமுறை சீட்டுக் காசு கைக்கு வந்திருக்கிறது. கணவரின் நண்பர் ஒருவர் சனி, ஞாயிறில் மாலைதீவு போய்வந்து படங்களைக் காட்டினார். அன்றிலிருந்து இவருக்கும் அதே நினைப்பு. பிள்ளைகளுக்கு 11, 6 வயது. எங்களோடு இருக்கும் மாமி, 'கடற்கரையில குடியிருந்துகொண்டு கடல் பார்க்கவா காசு செலவழிக்கப் போறீங்க?' என்கிறார். எனக்கு வேண்டியது இரண்டு நாள் நித்திரையும் ஒரு தீவும்தான். என்ன செய்யலாம்?"
– பெயர் வேண்டாம், களுவாஞ்சிக்குடி

பதில்:

தங்கச்சி, உங்கள் கடிதத்தில் நான் இரண்டு தரம் வாசித்தது கடைசி வரியைத்தான். நித்திரையை முதலில் எழுதி, தீவை இரண்டாவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒழுங்கிலேயே பதில் சொல்கிறேன்.

முதலில் மணிக்கணக்கு. வெள்ளி மாலை ஐந்து மணிக்கு வேலை முடிந்து வெளிக்கிட்டால், திங்கள் காலை எட்டு மணிக்கு மறுபடி வேலைக்குப் போகும்வரை உங்கள் கையில் இருப்பது 63 மணித்தியாலம். களுவாஞ்சிக்குடியிலிருந்து கட்டுநாயக்காவுக்கு இரவு முழுக்கப் பயணம், எட்டு மணித்தியாலம் என்று வையுங்கள். விமானத்துக்கு மூன்று மணித்தியாலம் முன்பே போய் நிற்கவேண்டும். பறப்பது ஒன்றரை மணித்தியாலம்தான். இறங்கிக் குடிவரவு முடித்து, தங்கும் தீவுக்கு வேகப்படகு ஏறி அறைக்குப் போய்ச் சேர இன்னும் இரண்டு மணித்தியாலமாவது வேண்டும். போக வரக் கூட்டினால் ஏறக்குறைய 29. எல்லாம் சரியாக அமைந்தாலே இப்படி. பாதி நேரம் பஸ்ஸிலும் வரிசையிலும் போகும், அதுவும் ஆறு வயதுப் பிள்ளை மடியில். இதில் நித்திரை எங்கே?

உங்கள் கணவரின் ஆசையை நான் தட்டிக்கழிக்கவில்லை. மாலைதீவு அழகான இடம், போகத்தான் வேண்டும். ஆனால் ஐந்து நாளாவது கையில் வைத்துக்கொண்டு போங்கள். தை தொடங்கிச் சித்திரை வரை அங்கே மழை குறைவு, கடலும் அமைதி. சித்திரை வருடப்பிறப்பு லீவு அதற்குப் பொருந்தும். விசா அங்கே இறங்கியதும் 30 நாளுக்கு இலவசமாகத் தருவார்கள். திரும்பும் டிக்கெட்டும் தங்குமிடப் பதிவும் கையில் இருக்கவேண்டும். பயணத்துக்கு முந்திய 96 மணித்தியாலத்துக்குள் 'இமுகா' என்ற இணையப் படிவத்தை ஆளுக்கொன்றாக நிரப்பவேண்டும். பிள்ளைகளுக்கும் கடவுச்சீட்டு எடுக்கவேண்டும், அந்த வேலையை இப்போதே தொடங்கலாம். தனித்தீவு ஹோட்டல்களின் விலை நமக்குத் தாங்காது. மாஃபுஷி போல மக்கள் குடியிருக்கும் தீவுகளில் விருந்தினர் விடுதிகள் இருக்கின்றன, குடும்பத்துக்கு அவைதான் நல்லது. அங்கே வெள்ளியும் சனியும் விடுமுறை, வெள்ளியில் பொதுப்படகுகள் பெரும்பாலும் ஓடாது. அதைப் பார்த்துத் தேதி போடுங்கள். சாப்பாட்டைப் பற்றி மாமி கவலைப்படவே வேண்டாம். நாம் சம்பலுக்கு இடிக்கிற மாசி அந்த ஊர்ச் சாமான்தான்.

இந்த இரண்டு நாளுக்கு என் பதில் திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள நிலாவெளி. அதற்கு எதிரே, கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவில் இருக்கிறது புறாமலை. புறாத்தீவு என்றும் சொல்வார்கள். நீலநிறப் பாறைப்புறாக்கள் கூடு கட்டுவதால் வந்த பெயர். 2003 இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. சுற்றிலும் முருகைக்கற்பாறை. இடுப்பளவு தண்ணீரில் முகத்தை அமிழ்த்தினாலே வண்ண மீன்கள் தெரியும். துடுப்பு நுனி கறுத்த சின்னச் சுறாக்களும் வரும், ஆளைச் சீண்டாதவை. உங்கள் வீட்டிலிருந்து வாகரை, வெருகல் வழியே திருகோணமலைக்கு மூன்றரை மணித்தியாலம் போதும். ஒருகாலத்தில் அந்த றோட்டில் இடத்துக்கிடம் 'பாதை' என்கிற மிதவைப்படகில் ஏறி ஆற்றைக் கடக்கவேண்டியிருந்தது. இப்போது எல்லா இடத்திலும் பாலம். கிண்ணியாப் பாலம் திறந்ததே 2009 இல்தான்.

சனிக்கிழமை வெள்ளன ஐந்து மணிக்கு வெளிக்கிடுங்கள். வெள்ளி இரவு வீட்டிலேயே நல்லாய்ப் படுங்கள். நேரே திருக்கோணேஸ்வரம் போய்க் காலைப் பூசையைப் பாருங்கள். இது மாமிக்காக. தன்னை வீட்டில் விட்டுவிட்டுப் போகிற பயணம் வேறு, கோணேசரிடம் கூட்டிப்போகிற பயணம் வேறு. கோட்டைக்குள் திரியும் மான்கள் சின்னவருக்கு. மத்தியானம் நிலாவெளிக்குப் போய் அறையில் படுத்துவிடுங்கள். கன்னியா வெந்நீரூற்று பக்கத்தில்தானே என்று யாராவது சொல்வார்கள். இந்தமுறை வேண்டாம். அன்று பின்னேரம் உங்களுக்கு ஒரு வேலையும் இருக்கக்கூடாது.

புறாமலைக்கு ஞாயிறு காலையிலேயே போங்கள். வெயில் ஏறினால் கூட்டமும் ஏறும், கடலும் கொஞ்சம் எழும். படகுக் கூலியை ஏறுமுன் பேசுங்கள், இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்தால் குறையும். மிதவைச் சட்டை இல்லாமல் பிள்ளைகளை ஏற்றவேண்டாம், கரை தெரிகிறதே என்று விட்டுவிடாதீர்கள். தீவில் கடை இல்லை, நிழலும் குறைவு. தண்ணீரும் தொப்பியும் கொண்டுபோங்கள், வெறும் போத்தலைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். முருகைக்கல்லை மிதிக்கவும் கூடாது, ஒரு துண்டை நினைவுக்கென்று எடுக்கவும் கூடாது. அது உயிர், மிகமிக மெல்ல வளர்வது. முழங்கால் வலி இருந்தால் மாமி கரையில் இருக்கட்டும், அலைக்குள் இறங்கித்தான் படகேறவேண்டியிருக்கும்.

போகிற காலம் வைகாசிக்கும் ஆவணிக்கும் இடையில். மாரியில் நம் பக்கக் கடல் யாருக்கும் அடங்காது. போயாவோடு சேர்ந்த நீண்ட விடுமுறையைத் தவிருங்கள், அறையும் கிடைக்காது, அமைதியும் கிடைக்காது.

மாமியின் கேள்விக்கு வருகிறேன். எழுவான்கரையில் குடியிருக்கிற நமக்குக் கிழக்கே கடல், மேற்கே வாவி. ஆனால் எத்தனை பேர் கடற்கரையில் போய்ச் சும்மா இருந்திருக்கிறோம்? பக்கத்தில் இருப்பதை நாம் பார்ப்பதில்லை, அதைத் தாண்டி வேலைக்குப் போகிறோம். இன்னொன்றும் தோன்றுகிறது. அந்தக் கேள்விக்குள் பயம் இருக்கலாம். 2004 மார்கழி 26 இல் சுனாமியைக் கண்ட எங்களுக்குக் கடல் பழைய கடல் இல்லை. நான் ஆறு வருடம் கால்கூட நனைக்கவில்லை. பிறகு முதன்முதலாய் இறங்கியது பாசிக்குடாவில், எவ்வளவு தூரம் நடந்தாலும் ஆழம் வராத கடல் என்பதால். மாமியிடம் ஒருநாள் இரவு ஆறுதலாய்க் கேட்டுப்பாருங்கள். பயம்தான் என்றால் நிலாவெளியை விட்டுப் பாசிக்குடாவுக்கே போங்கள், தீவு அடுத்தமுறைக்கு இருக்கட்டும். வாழைச்சேனை தாண்டியதும் வந்துவிடும்.

இனி நான் கண்டிப்பாகச் சொல்லவேண்டியது. கேஸ் அடுப்பையும் பானையையும் வாகனத்தில் ஏற்றாதீர்கள். எங்கள் வீட்டுப் பயணங்களில் நாங்கள் பெண்கள் இரவு இரண்டு மணிக்கு எழும்பிச் சோறு கட்டுவோம், கடற்கரையில் மீன் வெட்டுவோம், மற்றவர்கள் குளிப்பார்கள். திரும்பி வந்து சட்டி கழுவும்போதுதான் நான் கடலில் இறங்கவே இல்லை என்பது நினைவுக்கு வரும். சீட்டுக் காசில் ஒரு பகுதியைக் கடைச் சாப்பாட்டுக்கென்று இப்போதே ஒதுக்குங்கள். ஞாயிறு காலை தீவில் பிள்ளைகள் இருவரையும் பார்ப்பது கணவரின் பொறுப்பு என்றும் வெளிக்கிடுமுன் பேசிக்கொள்ளுங்கள். அவர் ஆசிரியர், பிள்ளைகளைச் சமாளிக்கத் தெரிந்தவர்.

ஞாயிறு இரவு களைத்து வந்து சேரும்போது வீட்டில் ஒன்றும் இருக்காது. சனிக்கிழமை போகும்போதே பக்கத்துக் கடையில் இடியப்பமும் சொதியும் ஐந்து பேருக்குச் சொல்லிவிட்டுப் போங்கள்.