சினிமாவில் வெண்டிங் மெஷின் (காசு போட்டால் பிஸ்கட், குளிர்பானம் தரும் மெஷின்) வந்தாலே ஏன் யாராவது அதை உதைக்கிறார்கள்? மக்களும் அதை அப்படித்தான் பார்க்கிறார்களா?

இந்தக் கேள்வியைப் பார்த்ததும், கேட்டவர் ஆபீஸ் மெஷினில் இருபது ரூபாயாவது விட்டிருப்பார் என்று தோன்றியது. காசு போனவருக்குத்தான் இப்படிக் கேட்கத் தோன்றும். நான் அந்த மெஷினுக்கு மறுபக்கத்து ஆள். சென்னையில் ஆறு வருடமாக வெண்டிங் மெஷின்களுக்கு ஸ்டாக் போடுகிறேன், கூடவே சின்னச் சின்ன ரிப்பேரும் பார்க்கிறேன். ஓஎம்ஆர் பக்கம் ஐடி கம்பெனிகள், இரண்டு கல்லூரி, ஒரு ஆஸ்பத்திரி என்று என் ரூட்டில் 23 மெஷின் இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன்.

முதலில் சினிமா. என் ரூம்மேட் உதவி இயக்குநர் ஆவதற்காக வடபழனியில் அலைந்து கொண்டிருந்தவன். நான் என்ன வேலை செய்கிறேன் என்று தெரிந்ததும், மெஷின் வரும் படமாகத் தேடிப் பிடித்துக் காட்டுவான். அப்படித்தான் குப்ரிக் எடுத்த 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்' பார்த்தேன். 1964ல் வந்த படம். அணுகுண்டோடு கிளம்பிவிட்ட விமானங்களைத் திருப்பி அழைக்க அமெரிக்க ஜனாதிபதிக்கு அவசரமாக போன் போட வேண்டும். பொதுத் தொலைபேசியில் போடுவதற்குச் சில்லறை இல்லை. பக்கத்தில் ஒரு கோகோ கோலா மெஷின் நிற்கிறது. அதைச் சுட்டு உடைத்துக் காசு எடு என்று, போன் போட வேண்டியவர் பக்கத்தில் துப்பாக்கியோடு நிற்கும் ராணுவ அதிகாரியிடம் கெஞ்சுகிறார். அடுத்தவன் சொத்தாயிற்றே என்று அந்த ராணுவ அதிகாரி தயங்குகிறார். கடைசியில் சுடுகிறார். காசு பொறுக்கக் குனிந்த அவர் முகத்திலேயே கோலா பீய்ச்சி அடிக்கிறது. உலகமே அழியப் போகிறது, அப்போதும் ஒரு மெஷினை உடைக்க மனசு வராமல் ஒருவர் நிற்கிறார். எனக்கு அந்தக் காட்சி ரொம்பப் பிடிக்கும். தயங்கவாவது செய்தாரே.

மற்ற படங்களில் மெஷின்தான் வில்லன். ஸ்டீபன் கிங் 1986ல் தானே இயக்கிய 'மேக்ஸிமம் ஓவர்டிரைவ்' படத்தில் ஒரு குளிர்பான மெஷின் டின்களைத் துப்பாக்கிக் குண்டு மாதிரி எறிந்து பேஸ்பால் பயிற்சியாளரைக் கொன்றுவிடும். 2007ல் வந்த 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' படத்திலும் ஒரு மெஷின் ரோபோவாக மாறி டின்களால் சுடும். ஒன்று, மெஷின் மனிதனை அடிக்கிறது. இல்லையென்றால் மனிதன் மெஷினை அடிக்கிறான். படத்துக்குப் படம் இதே கதைதான். குலுக்கினால் ஒன்றுக்கு இரண்டாக விழும் என்பதையும் இந்தப் படங்களைப் பார்த்துத்தான் பசங்கள் கற்றுக்கொள்கிறார்கள் என்பது என் எண்ணம். தப்பாக இருந்தால் சொல்லுங்கள். ஆனால் கல்லூரியில் மெஷினைக் கட்டிப்பிடித்து ஆட்டிய பையனிடம் ஏன்டா என்று கேட்டதற்கு, "படத்துல பண்ணுவாங்களே அண்ணா" என்றுதான் சொன்னான்.

அது விளையாட்டு இல்லை. குளிர்பானம் நிரப்பிய மெஷின் ஒன்று சாதாரணமாக 350, 400 கிலோ வரும். டின்கள் மேல் தட்டுகளிலும் இருப்பதால் முன்பக்கம் சாய்ந்தால் நிறுத்தவே முடியாது. அமெரிக்காவில் 1978க்கும் 1995க்கும் நடுவில் மெஷின் மேலே விழுந்து குறைந்தது 37 பேர் செத்திருக்கிறார்கள், 113 பேருக்குக் காயம். அந்த நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமே இதைச் சொல்லி, ஆட்டாதே, சாய்க்காதே என்று மெஷின்களில் எச்சரிக்கை ஒட்ட வைத்தது. எந்தப் படமாவது இதைக் காட்டியதா?

பாக்கெட் ஏன் மாட்டுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கண்ணாடிக்குப் பின்னால் தெரியும் கம்பிச் சுருளை நாங்கள் காயில் என்போம். காசு வந்ததும் மோட்டார் அதை ஒரு முழுச் சுற்று சுற்றும். ஒரு சுற்றுக்கு ஒரு பாக்கெட் முன்னே நகர்ந்து கீழே விழும். அவ்வளவுதான் ரகசியம். புது மெஷின்களில் கீழே சென்சார் இருக்கும். பொருள் விழவில்லை என்று தெரிந்தால் காயிலை இன்னும் கொஞ்சம் சுற்றும், அப்போதும் விழாவிட்டால் காசைத் திருப்பிவிடும். பழைய மெஷினில் சென்சார் கிடையாது. சுற்றினேன், வேலை முடிந்தது என்று நின்றுவிடும். அது உங்களை ஏமாற்றவில்லை. விழாதது அதற்குத் தெரியவே தெரியாது.

கம்பெனிக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று யாராவது நினைக்கலாம். கம்பெனி எனக்கு என்ன செய்தது என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன், படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

அடுத்தது, மக்கள். நம் ஆட்களுக்கு மெஷின் மேல் பிறவிக் கோபம் எதுவும் இல்லை. ரயில்வே ஸ்டேஷன் எடை மெஷின் ஞாபகம் இருக்கிறதா? ஏறி நின்று காசு போட்டால் கலர் பல்பு சுற்றும், கடகடவென்று சத்தம், அப்புறம் கெட்டியான ஒரு சின்ன அட்டை விழும். ஒரு பக்கம் எடை, கூடவே இரண்டு வரி ஜோசியம். இன்னொரு பக்கம் நடிகர் படமோ நடிகை படமோ. என் அம்மா அந்த அட்டைகளை அரிசி டப்பாவில் போட்டு வைத்திருந்தார். அந்த மெஷினை யாரும் உதைத்து நான் பார்த்ததில்லை. கோயம்பேடு மார்க்கெட்டில் 2022ல் பத்து ரூபாய்க்கு மஞ்சப்பை தரும் மெஷின் வைத்தபோதும் ஜனங்கள் ஆசையாகப் போய் நின்றார்கள்.

பத்து ரூபாய் என்றதும் இதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மெஷின் வாங்கிக்கொள்ளும் பத்து ரூபாய் நாணயத்தை மனுஷன் ஏன் வாங்க மாட்டேன் என்கிறான்? அதுவரை வந்த 14 வடிவங்களில் எந்தப் பத்து ரூபாய் நாணயமும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. இன்றைக்கும் நான் மத்தியானம் சாப்பிடும் கடையில் அதை நீட்டினால் அண்ணாச்சி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். டீக்கடையில் நோட்டுதான் வேண்டுமாம். செல்லும் காசைச் செல்லாது என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. என் மெஷின்கள் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2023 ஏப்ரல் கடைசியில் கோயம்பேடு பக்கம் ஒரு மாலில் இருந்த டாஸ்மாக் கடையில் மது விற்கும் மெஷின் வைத்தது பெரிய சர்ச்சை ஆனது. சின்னப் பசங்கள் கூடக் காசு போட்டு எடுத்துவிடுவார்கள் என்று எல்லோரும் கொதித்தார்கள். மெஷின் கடைக்கு உள்ளேதான் இருக்கிறது, பகல் 12 முதல் இரவு 10 வரைதான், ஊழியர்கள் முன்னால்தான் இயங்கும் என்று அரசு விளக்கம் கொடுத்தது. சாராய வியாபாரம் சரியா தப்பா என்ற பேச்சுக்குள் நான் போகவில்லை, தயவுசெய்து இழுக்காதீர்கள். அன்றைக்கு எனக்குப் பட்டது வேறு. மெஷின் என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே அங்கே மனுஷனே கிடையாது என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். உதைப்பதும் அந்த நினைப்பில்தான். கடைக்காரர் சில்லறை தராவிட்டால் நாம் சத்தம்தான் போடுவோம், காலால் உதைக்க மாட்டோம்.

இதை நான் தெரிந்துகொண்டது அந்த ஆஸ்பத்திரியில்தான். மூன்று வருடம் ஆகிறது. மழைக்காலம், ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு போன். மெஷின் கண்ணாடியை ஒருத்தர் உடைத்துவிட்டார், உடனே வா என்றார்கள். நனைந்துகொண்டே போனேன். மெஷின் பக்கத்தில் செக்யூரிட்டி ஒரு பெரியவரின் கையைப் பிடித்தபடி நின்றார். ஐம்பது, ஐம்பத்தைந்து வயது இருக்கும். திருவண்ணாமலைப் பக்கத்து ஆள். மனைவி ஐசியுவில், இவர் இரண்டு நாளாக வெளியே நாற்காலியில் இருக்கிறார். கேன்டீன் மூடியாயிற்று. இரண்டு பத்து ரூபாய் நோட்டைப் போட்டு பிஸ்கட் பட்டனை அழுத்தியிருக்கிறார். பாக்கெட் முன்னே வந்து காயிலில் தொங்கிவிட்டது. தட்டியிருக்கிறார், ஆட்டியிருக்கிறார், கடைசியில் உதைத்துவிட்டார். கண்ணாடியில் நீளமாக விரிசல் விழுந்துவிட்டது. பணம் கட்டாமல் நகரக்கூடாது என்று செக்யூரிட்டி பிடித்து வைத்திருந்தார்.

கதவைத் திறந்து பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. மூன்றாவது தட்டு, நான்காவது காயில். அன்று காலை நான் போட்ட ஸ்டாக். வழக்கமாக அதில் போடும் சின்ன பாக்கெட் குடோனில் தீர்ந்துவிட்டது. அதைவிடக் கொஞ்சம் பெரிய பாக்கெட்டைக் கொடுத்து, "போடு, ஓடும்" என்று அனுப்பினார்கள். பெரிய பாக்கெட் போடுவதென்றால் அகலமான காயில் மாற்ற வேண்டும். குறைந்தபட்சம் ஒரு தடவை சுற்றவிட்டாவது பார்க்க வேண்டும். அன்றைக்கு இன்னும் ஒன்பது மெஷின் பாக்கி இருந்தது. நான் பார்க்கவில்லை. பாக்கெட்டின் ஓரம் தடுப்புத் தகட்டில் உரசி நின்றிருந்தது. அது பழைய மெஷின், சென்சார் இல்லை.

செக்யூரிட்டியிடம் சொன்னேன், தப்பு என்னுடையது, அவரை விடுங்கள் என்று. எடுத்த பாக்கெட்டையும் இருபது ரூபாயையும் பெரியவரிடம் கொடுத்தேன். பாக்கெட்டை மட்டும் வாங்கிக்கொண்டார். "பிஸ்கட்தான் வந்துடுச்சே தம்பி, காசு எதுக்கு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "மெஷின்தானேன்னு உதைச்சுட்டேன். பின்னாடி ஆளு இருக்கீங்கன்னு தெரியாமப் போச்சு" என்றார். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருந்தது. எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. டேப் ஒட்டிவிட்டு வந்துவிட்டேன்.

கண்ணாடிக் காசை மூன்று மாதம் என் சம்பளத்தில் பிடித்தார்கள். "ஓடும்" என்று சொன்னவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கம்பெனி பெயர் வேண்டாம், இன்னும் அங்கேதான் இருக்கிறேன். நாங்கள் யாரும் மெயின் லிஃப்டில் ஏறக்கூடாது, சர்வீஸ் லிஃப்ட்தான். காலை எட்டு மணிக்குள் நிரப்பிவிட்டுக் கிளம்பிவிட வேண்டும், ஸ்டாஃப் வரும்போது கண்ணில் படக்கூடாது. அப்புறம் எப்படி ஜனங்களுக்குத் தெரியும், பின்னால் ஆள் இருப்பது?

சினிமாவில் அந்த ஆளைக் காட்டிய ஒரே படம் எனக்குத் தெரிந்து 'தட் டச் ஆஃப் மிங்க்'. 1962ல் வந்தது, டோரிஸ் டே நடித்தது. அந்தக் காலத்தில் நியூயார்க்கில் ஆட்டோமேட் என்ற சாப்பாட்டுக் கடைகள் இருந்தன. சுவர் முழுக்கச் சின்னச் சின்னக் கண்ணாடிக் கதவுகள். காசு போட்டுத் திருகினால் ஒரு கதவு திறக்கும், உள்ளே சாண்ட்விச்சோ கேக்கோ இருக்கும். ஹார்ன் அண்ட் ஹார்டார்ட் கம்பெனி 1902ல் பிலடெல்பியாவில் முதல் கடையைத் திறந்தது. நியூயார்க்கில் கடைசிக் கடை 1991ல்தான் மூடியது. அந்தச் சுவருக்குப் பின்னால் பெண்கள் நின்று தட்டுத் தட்டாக நிரப்பிக்கொண்டே இருப்பார்கள், வெளியே யாருக்கும் தெரியாது. படத்தில் நாயகியின் தோழிக்கு அதுதான் வேலை. சுவருக்குப் பின்னால் இருந்தபடியே கதவு வழியாக நாயகியோடு பேசுவாள், காசில்லாமல் சாப்பாடும் எடுத்துக் கொடுப்பாள். ரூம்மேட் இது காமெடிப் படம் என்று சொல்லித்தான் போட்டான். அந்த இடத்தை நான் மூன்று தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.

உங்கள் காசு போயிருந்தால் ஆட்டாதீர்கள். காயில் நம்பர் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுங்கள். யூபிஐயில் கொடுத்திருந்தால் அந்த ஸ்கிரீன்ஷாட்டும் இருக்கட்டும். கதவு ஓரத்தில் ஒரு நம்பர் ஒட்டியிருக்கும், அதற்குக் கூப்பிடுங்கள். என் ரூட்டில் 23 மெஷினிலும் என் நம்பரை நானே எழுதி ஒட்டியிருக்கிறேன். ராத்திரியிலும் எடுப்பேன்.