அனுப்பியது யார் என்று பணம் கட்டித் தெரிந்துகொள்ளலாமா?

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. ‘பெயர் சொல்லாமல் எது வேண்டுமானாலும் எழுதுங்கள்’ என்று ஒரு ஆப்பின் லிங்க்கை இன்ஸ்டாகிராம் ஸ்டோரியில் போட்டாள். இப்போது அசிங்கமாகவும் மிரட்டலாகவும் வருகிறது. அனுப்பியவரைக் காட்ட அந்த ஆப் வாரச் சந்தா கேட்கிறது. கட்டலாமா, இல்லை போனையே வாங்கி வைத்துவிடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம்.

பணம் கட்டினாலும் பெயர் கிடைக்கும் என்று நம்ப முடியாது. இதே வகையைச் சேர்ந்த என்ஜிஎல் ஆப் மீது அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2024 ஜூலையில் நடவடிக்கை எடுத்தது. வாரம் 9.99 டாலர் வரை கட்டியவர்களுக்குக் கிடைத்தவை செய்தி வந்த நேரம், ஆண்ட்ராய்டா ஐபோனா, தோராயமாக எந்தப் பகுதி என்ற துப்புகள்தான் என்றது ஆணையம். நிறுவனமே போலிச் செய்திகளை அனுப்பி ஆவலைத் தூண்டியது என்பது இன்னொரு குற்றச்சாட்டு. வழக்கு 50 லட்சம் டாலருக்குச் சமரசமானது. 18 வயதுக்குட்பட்டோருக்கு அந்த ஆப்பை வழங்கவும் தடை வந்தது.

அதனால் வந்த செய்திகளை மகளோடு உட்கார்ந்து பிரித்துப் பாருங்கள். ‘உன்னைப் பற்றி ஒன்று தெரியும்’ என்பது யாருக்கு அனுப்பினாலும் பொருந்தும், ஒதுக்கிவிடலாம். அவள் வகுப்பு, அன்று போட்டிருந்த உடை, தோழியின் பெயர் இருந்தால், எழுதியவர் அவளை அறிந்தவர். அதை விடக் கூடாது.

எதையும் அழிப்பதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். தேதி, நேரம், லிங்க் முகவரி தெரிய வேண்டும். பெயர் மறைவது மகளிடமிருந்துதான். ஐபி முகவரி (இணைய இணைப்பின் அடையாள எண்) போன்றவை பொதுவாக நிறுவனத்தின் சர்வரில் பதிவாகும், சட்டப்படி கேட்டுப் பெற காவல்துறைக்கு வழி உண்டு. அந்தப் பதிவுகள் வெகுநாள் இருக்காது என்பதால் தாமதம் வேண்டாம்.

பிறகு லிங்க்கை எடுங்கள். ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்தாலும் ஹைலைட்டிலோ (ப்ரொஃபைலில் சேமித்து வைக்கும் ஸ்டோரி) பயோவிலோ (ப்ரொஃபைலின் அறிமுக வரிகள்) போட்டிருந்தால் லிங்க் அங்கே நிற்கும். ஆப்பின் அமைப்புகளுக்குள் போய்க் கணக்கை நீக்கிய பிறகே ஆப்பை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். வெறுமனே அன்இன்ஸ்டால் செய்தால் கணக்கு அழியாது, சந்தா இருந்தால் அதுவும் ஓடிக்கொண்டே இருக்கும். சந்தாவை பிளே ஸ்டோரிலோ ஐபோன் அமைப்புகளிலோ தனியே ரத்து செய்ய வேண்டும்.

வந்த செய்தியைப் பதிலோடு ஸ்டோரியில் போட வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். சீண்டுகிறவருக்கு வேண்டியது அந்தப் பதில்தான். ஆப்பும் அப்படித்தான் பரவுகிறது.

உடலுக்குத் தீங்கு செய்வதாகவோ, படம் கேட்டோ மிரட்டினால் பேரம் பேசாமல் நேரே காவல்துறைக்குப் போங்கள். அந்தரங்கப் படம் ஏற்கெனவே கைமாறியிருந்தால் ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவை இருக்கிறது: படம் போனை விட்டு வெளியே போகாது, அதன் டிஜிட்டல் கைரேகை (படத்தை அடையாளம் காட்டும் ஒரு குறியீடு) மட்டும் சேவையில் இணைந்த தளங்களுக்குப் போய், படத்தைக் கண்டுபிடித்து நீக்க உதவும்.

போன் விஷயம்: பறித்துவிடுவார்கள் என்ற பயத்தில்தான் பிள்ளைகள் மிரட்டலை மறைக்கிறார்கள். மகள் உங்களிடம் காட்டியிருக்கிறாள். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுங்கள். தூக்கம் கெட்டாலோ, பள்ளிக்குப் போக மறுத்தாலோ, ‘நான் இல்லாமலிருந்தால் நல்லது’ என்ற பேச்சு வந்தாலோ அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

நண்பர்களிடம் கேள்வி கேட்கச் சொல்லும் ஆசை அவளுக்கு இன்னும் இருந்தால் இன்ஸ்டாகிராமின் கேள்வி ஸ்டிக்கரே போதும். எழுதியவர் பெயர் அவளுக்குத் தெரியும்.