கல் போய்விட்டது, தண்டவாளம் ஏன் தொங்கியது?

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை முடித்துவிட்டாள், சிவில் இன்ஜினீயரிங்தான் படிப்பேன் என்று உறுதியாக நிற்கிறாள். பெங்களூரில் இருக்கும் உங்கள் தம்பியோ, "அக்கா, சிவில் எல்லாம் முடிஞ்சுபோன படிப்பு, பேசாம கம்ப்யூட்டர்ல சேர்த்துவிடு" என்று தினமும் போன் செய்கிறார். இருவருக்கும் நடுவில் நீங்கள் தூக்கம் கெட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்.

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். 2023 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு, ஸ்ரீவைகுண்டம் பக்கம் ரயில் பாதையைப் பார்த்துவிட்டு அவள் உங்களிடம் கேட்டாளாம்: "கல்லெல்லாம் போயிட்டு, தண்டவாளம் மட்டும் எப்படிம்மா அந்தரத்துல தொங்குது?" அப்போது அவள் பத்தாம் வகுப்பு. தம்பி சொல்வதற்குப் பதில் சொல்லும் முன், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். அவள் என்ன படிக்க வேண்டும் என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது.

அந்த டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது உங்கள் ஊருக்கே தெரியும். ரயில் பாதை என்பது மண்ணைக் குவித்துக் கட்டிய நீளமான கரை. அதன் மேல் ஜல்லி, ஜல்லியின் மேல் குறுக்கே போடும் கான்கிரீட் கட்டையான ஸ்லீப்பர், ஸ்லீப்பரின் மேல் தண்டவாளம். நீரோட்டத்துக்குக் குறுக்கே அந்தக் கரை போகும் இடங்களில் தண்ணீர் கடக்கச் சின்னச் சின்னப் பாலங்கள் வைப்பார்கள். குளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உடைத்துக்கொண்டு வரும்போது அந்தப் பாலங்களின் கண்கள், அதாவது தண்ணீர் போகும் திறப்புகள், போதாமல் போகின்றன. கரைக்கு ஒரு பக்கம் தண்ணீர் ஏறி நிற்கும். ரயில் பாதை தன்னை அறியாமலேயே அணையாகிவிடும். பிறகு தண்ணீர் அதன் மேலேறி மறுபக்கம் விழும்போது, ஒன்றோடொன்று ஒட்டாத ஜல்லிதான் முதலில் போகும், அடுத்து மண். தண்டவாளம் மட்டும் மைல் கணக்கில் ஒரே துண்டாகப் பற்றவைக்கப்பட்டிருப்பதால், ஸ்லீப்பர்களையும் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் தொங்கும்.

உங்கள் மகள் பார்த்தது இதைத்தான். ரயில்வேக்காரர்கள் கெட்டியாகக் கட்டவில்லை என்று நினைக்கலாம். ஆனால் அந்தக் கரையை இன்னும் கெட்டியாகக் கட்டினால் அணை இன்னும் பலமாகும், மேல்பக்கத்து ஊர் இன்னும் ஆழமாக மூழ்கும். தண்ணீர் எந்த வழியாகப் போக விரும்புகிறது, எத்தனை கண் கொண்ட பாலம் வேண்டும், எந்த இடத்தில் பாதையைத் தாழ்வாக விட்டு வெள்ளத்தை மேலே ஓடவிடலாம், வடிந்த மறுநாளே எப்படிச் சரிசெய்யலாம் என்று யோசிப்பதுதான் இன்று உலகம் முழுக்கப் பேசப்படும் பேரிடர் தாங்கும் கட்டமைப்பு. அந்தப் பெயரிலேயே 2019இல் இந்தியா முன்னெடுத்து ஒரு பன்னாட்டுக் கூட்டமைப்பு தொடங்கப்பட்டது. அதன் தலைமையகம் டெல்லியில் இருக்கிறது.

உங்கள் தம்பி "முடிஞ்சுபோன படிப்பு" என்று சொல்வது வீடு கட்டும் சிவிலை மனதில் வைத்து. அதில் அவர் சொல்வதிலும் ஓரளவு நியாயம் உண்டு. சாலையும் ரயிலும் பாலமும் வேறு விதமான காலத்துக்குள் வந்திருக்கின்றன. கட்டி முடித்தவற்றை மழையிலிருந்தும் உப்பிலிருந்தும் வெயிலிலிருந்தும் காப்பாற்ற ஆள் வேண்டும். அதற்குத் தேர்ந்த ஆட்கள் குறைவு.

பாம்பனைப் பாருங்கள். 1914இல் திறந்த பாலம் அது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடிப் பயணிகள் ரயிலே கடலோடு போனது. பாலத்தைத் தாங்கும் இரும்பு உத்திரங்களான கர்டர்களில் பெரும்பாலானவை அடித்துச் செல்லப்பட்டன. அப்போது இளம் பொறியாளராக இருந்த ஈ. ஸ்ரீதரன், கடலுக்குள் கிடந்த கர்டர்களைத் தூக்கியெடுத்து 46 நாளில் பாலத்தை ஓடவைத்தார். காற்று குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் சிக்னல் தானாகவே சிவப்பாகி ரயிலை நிறுத்தும் ஏற்பாடும் அந்தப் பாலத்தில் இருந்தது. ஆனால் புயலைவிடப் பொறுமையான எதிரி ஒன்று கூடவே இருந்தது: உப்புக் காற்று. நூறு வருடம் அரித்து அரித்து, கடைசியில் 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே லிஃப்ட் மாதிரி 17 மீட்டர் மேலே போய்க் கப்பலுக்கு வழிவிடுகிறது. எல்லோரும் அதைத்தான் வீடியோ எடுக்கிறார்கள். துரு ஏறாத கம்பியும், உப்பைத் தாங்கும் பெயிண்ட்டும்தான் எனக்கு அதைவிடப் பெரிய விஷயமாகப் படுகின்றன. அடுத்த நூறு வருடத்தைத் தீர்மானிக்கப்போவது அவைதான். அந்தப் பெயிண்ட்டைப் பற்றி யோசித்தவர்கள் வேதியியல் படித்தவர்களாகவும் இருக்கலாம்.

வேதியியல் என்றதும் மதுரை நினைவுக்கு வருகிறது. தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவன், குப்பையில் போகும் பிளாஸ்டிக்கைத் துருவிச் சூடான ஜல்லியின் மேல் தூவினார். அது உருகி ஒவ்வொரு கல்லின் மேலும் மெல்லிய தோல்போல் படிந்தது. அதன் பிறகு தார் கலந்தார். நம் ஊர்ச் சாலைகள் மழைக்குப் பிறகு குழி விழுவது ஏன் தெரியுமா? கல்லுக்கும் தாருக்கும் நடுவே தண்ணீர் புகுந்து இரண்டையும் பிரித்துவிடுவதால். பிளாஸ்டிக் தோல் அந்த இடுக்கை அடைக்கிறது. கோடி கோடியாகச் செலவழித்த ஆய்வுக்கூடத்தில் பிறந்ததல்ல இது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

இந்த இரண்டையும் சொன்னதற்குக் காரணம், "சிவிலா, கம்ப்யூட்டரா" என்ற கேள்வியே சரியில்லை என்பதுதான். வெள்ளம் எங்கே ஏறும் என்று வரைபடம் போட கணினி வேண்டும். பாலத்தில் சென்சார் பொருத்தி அதிர்வை அளக்கக் கணக்கும் எலக்ட்ரானிக்ஸும் வேண்டும். 2025இல் சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. 2015 வெள்ளத்தைப் பார்த்த ஊரில் சார்ஜ் செய்யும் கருவியை எந்த உயரத்தில் வைப்பது என்று முடிவு செய்ய, மின்சாரமும் தெரிந்து தண்ணீரும் தெரிந்த ஒருவர் வேண்டும். எனவே அவள் சிவிலில் சேர்ந்தால் பைத்தான் என்ற கணினி மொழியை விடக்கூடாது. கம்ப்யூட்டரில் சேர்ந்தாலும் இந்தப் பக்கம் வரக் கதவு திறந்துதான் இருக்கும், ஆனால் சுற்றிவர வேண்டியிருக்கும். மண்ணையும் நீரையும் பற்றிய உள்ளுணர்வு நான்கு வருடம் சிவில் வகுப்பிலும் களத்திலும்தான் கிடைக்கும் என்பது என் அனுபவம்.

இப்போது நீங்கள் கேட்கத் தயங்கியதைச் சொல்கிறேன். தனியார் கான்ட்ராக்டரிடம் சைட் இன்ஜினீயராகச் சேர்ந்தால் தொடக்கச் சம்பளம் பல இடங்களில் இருபதாயிரத்தைத் தொடாது. உங்கள் தம்பி தன் முதல் சம்பளத்தை ஒப்பிட்டுக் காட்டினால் அது உண்மைதான். வெயிலில் நிற்க வேண்டும். பெண்களுக்குக் கழிப்பறைகூட ஒழுங்காக இல்லாத சைட்கள் இன்னும் இருக்கின்றன. இதை மூடி மறைத்து உங்களிடம் ஆசை காட்ட எனக்கு மனம் வரவில்லை. என்னிடம் ஆலோசனைக்கு வந்து சிவில் முடித்த ஒரு பெண், முதல் இரண்டு வருடத்தில் மூன்று முறை விட்டுவிடுகிறேன் என்று போன் செய்தாள். பிறகு எம்.இ. படித்தாள். இன்று பழைய பாலங்களைச் சோதித்து அறிக்கை எழுதும் வேலையில் இருக்கிறாள். இப்போதெல்லாம் அவள் போன் செய்வது வேறு பிள்ளைகளுக்கு வழி கேட்கத்தான்.

இந்தத் துறையில் பட்டப்படிப்போடு நிறுத்தினால் ஏணியின் முதல் படியிலேயே நின்றுவிடுகிற ஆபத்து உண்டு. ஆறு வருடக் கணக்காக இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதுநிலைப் பொறியியலுக்கான கேட் நுழைவுத் தேர்வில் தகுதி பெற்று அரசு நிறுவனங்களில் முதுநிலை சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும். அப்பாவிடம் கேட்காமல் படித்துவிடலாம். போக்குவரத்துப் பொறியியலுக்குத் திருச்சி என்ஐடி, சென்னை ஐஐடி, அண்ணா பல்கலைக்கழகம் மூன்றும் நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. தரமணியில் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம், கிண்டியில் மாநில நெடுஞ்சாலைத் துறையின் ஆராய்ச்சி நிலையம் என்று வேலை நடக்கும் இடங்களும் அருகிலேயே. அரசு வேலை வேண்டுமானால் டிஎன்பிஎஸ்சி தொழில்நுட்பப் பணிகள், ரயில்வே ஜூனியர் இன்ஜினீயர், மத்திய அரசின் பொறியியல் பணித் தேர்வு ஆகியவை உண்டு. அவை மட்டுமே லட்சியம் என்று நான்கு வருடம் கோச்சிங் வகுப்பில் உட்காரவைத்து விடாதீர்கள்.

பெண் பிள்ளை இந்த வேலைக்குப் போக முடியுமா என்று மாமியார் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். காஷ்மீரில் செனாப் நதிக்கு மேல் 359 மீட்டர் உயரத்தில் ரயில் பாலம் நிற்கிறதே, அந்த மலைப்பாறை தாங்குமா என்று 17 வருடம் ஆலோசனை சொன்னவர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர் ஜி. மாதவி லதா. ஆந்திரத்தில் பிறந்தவர், முனைவர் பட்டம் வாங்கியது நம் சென்னை ஐஐடியில். பாறையைத் தோண்டத் தோண்ட உள்ளே எதிர்பாராத விரிசல்கள் தெரியவர, வரைபடத்தை அவ்வப்போது மாற்றிக்கொண்டே போக வேண்டியிருந்தது. மாமியாரிடம் அந்தப் பாலத்தின் படத்தை மட்டும் காட்டுங்கள், போதும்.

கல்லூரி பற்றி. சிவிலுக்குக் கட்-ஆஃப் கம்ப்யூட்டர் பிரிவுகளைவிடப் பொதுவாகக் குறைவு. அவளுடைய மதிப்பெண்ணுக்குக் கம்ப்யூட்டர் நடுத்தரக் கல்லூரியில் கிடைக்கும் என்றால், சிவில் அதைவிட நல்ல கல்லூரியில் கிடைக்கும். கலந்தாய்வுக்கான விருப்பப் பட்டியலில் கிண்டி பொறியியல் கல்லூரியின் ஜியோஇன்ஃபர்மேடிக்ஸையும் சேருங்கள்; செயற்கைக்கோள் படத்தை வைத்து நிலத்தையும் நீரையும் படிக்கும் படிப்பு அது, அவளுடைய கேள்விக்கு மிக நெருக்கமானது. அவள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டும். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். சான்றிதழ்களை இப்போதே எடுத்து வையுங்கள். கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். சர்வே கருவிகளை மாணவர்களே கையில் எடுக்கிறார்களா, மண் ஆய்வுக்கூடத்தில் தூசி படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கலந்தாய்வு தொடங்கச் சில வாரங்கள் இருக்கின்றன. அதற்குள் மகளை ஒரு வேலை செய்யச் சொல்லுங்கள். தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு உங்கள் ஊரில்தான் இருக்கிறது. ஒரு நாள் காலையில் நீங்களும் கூடப் போங்கள். ரயில் பாதையை ஒட்டிய சாலையில் நடந்து, எங்கெங்கே சின்னப் பாலம் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் எத்தனை கண், மண் மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று நோட்டில் குறிக்கட்டும். பாதையின் மேல் மட்டும் ஏறவேண்டாம். ஊர்க் குளத்துக்கு மடை திறந்துவிட்ட வயசாளி யாராவது இருந்தால், அன்று தண்ணீர் எந்தப் பக்கம் இருந்து வந்தது, முன்பு எந்த வழியாகப் போகும் என்று கேட்டு எழுதட்டும். வீட்டுக்கு வந்து க்யூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் அந்த இடங்களை வரைபடத்தில் புள்ளி வைக்கட்டும். சொல்லித்தர என்பிடெல் தளத்தில் இலவசப் பாடங்கள் இருக்கின்றன.

இரண்டாம் நாளே சலித்துப்போய் நோட்டை மூடிவிட்டால் உங்கள் தம்பி சொல்வதைத் தாராளமாகக் கேளுங்கள், எனக்கு வருத்தமில்லை. மூன்றாம் நாளும் அவளாகவே கிளம்பினால், விருப்பப் பட்டியலைப் பூட்டும் முன் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு அவளை என்னிடம் அழைத்து வாருங்கள். தம்பியையும் கூட்டி வாருங்கள். அவரிடமும் அந்தப் புள்ளிகளைக் காட்டிப் பேச ஆசையாக இருக்கிறது.