சி.டி.யில் தெரியாத நாடா எங்கே போனது?

கேள்வி: இருமினால், தும்மினால் சிறுநீர் கசிந்ததால் மூன்று ஆண்டுகளுக்கு முன் நாடா வைத்து அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். இப்போது முக்கினால்தான் சிறுநீர் வருகிறது. சி.டி. ஸ்கேனில் நாடாவே தெரியவில்லை என்கிறார்கள். கழன்றுவிட்டதா? எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?
– 51 வயது வாசகி, ஊத்தங்கரை

பதில்: தெரியவில்லை என்பதால் கழன்றுவிட்டது என்று அர்த்தமில்லை. சிறுநீர்க்குழாயைத் தாங்க அதன் அடியில் வைக்கும் அந்த நாடா, பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழையில் பின்னிய, சுமார் 1 செ.மீ. அகலமுள்ள வலை, கொசுவலையில் ஒரு கீற்றைக் கத்தரித்தது போல இருக்கும். சுற்றியுள்ள சதையிலிருந்து அதைப் பிரித்துக் காட்ட சி.டி.யால் பெரும்பாலும் முடிவதில்லை. செலவான பணத்துக்கு வருந்தலாம். அந்த அறிக்கையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

வலையில் உலோகம் இல்லாததால் எம்.ஆர்.ஐ. எடுப்பதில் ஆபத்தில்லை. ஆனால் நாடாவில் சிறுநீர்க்குழாயின் அடியில் இருக்கும் பகுதி, அதாவது நாம் பார்க்க வேண்டிய பகுதி, அதிலும் தெளிவாகத் தெரியாது.

உங்களுக்கு முதலில் தேவை, சிறுநீர் கழித்த பிறகு சிறுநீர்ப்பையில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்ற கணக்கு. ஊத்தங்கரையிலேயே சாதாரண வயிற்று ஸ்கேனில் பார்த்துவிடலாம். 100 மி.லி.க்குக் கீழே என்றால் பொதுவாகக் கவலையில்லை. 200ஐத் தாண்டினால் மருத்துவர் காரணம் தேடுவார். ஒரு எச்சரிக்கை: பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்து, வயிறு வெடிக்கும் அளவுக்கு அடக்கி வைத்துவிட்டுப் போனால் மிச்சம் வழக்கத்தைவிட அதிகமாகக் காட்டலாம். போய்வந்த உடனே அளக்கச் சொல்லுங்கள். வரிசையில் அரை மணி நேரம் உட்கார வேண்டாம்.

நாடாவைப் பார்ப்பதற்கும் அல்ட்ராசவுண்டுதான். ஆனால் உறையிட்ட கருவியைப் பிறப்புறுப்பின் வெளிப்புறத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். உள்ளே எதையும் செலுத்த மாட்டார்கள். பெண் மருத்துவர் வேண்டுமென்று தயங்காமல் கேளுங்கள். திரையில் நாடா பளிச்சென்ற வெண்கோடாகத் தெரியும். முக்கும்போது அது பிறை போல வளைவது இயல்பு. சும்மா படுத்திருக்கும்போதே வளைந்து குழாயை ஒட்டிக்கொண்டிருந்தால் இறுக்கமாக இருக்கிறதோ என்று சந்தேகிக்க வேண்டும்.

இதை எல்லா ஸ்கேன் சென்டரிலும் செய்வதில்லை. கிருஷ்ணகிரி அல்லது தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகளிர் பிரிவில் காட்டி, எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். பழைய டிஸ்சார்ஜ் சம்மரி அவசியம் கையில் இருக்கட்டும். நாடாவுக்குப் பதில் குழாயைச் சுற்றி ஊசி மருந்து போட்டுக்கொண்டவர்களுக்கு இது இன்னும் முக்கியம். விவரம் தெரியாதவர் அந்த மருந்துத் திரட்சியைக் கட்டி என்றோ கல் என்றோ எழுதிவிடலாம்.

சிறுநீரில் ரத்தம் வந்தால், நாடா பைக்குள் அரித்திருக்கிறதா என்று சிஸ்டோஸ்கோப்பியில்தான் (சிறுநீர்ப்பைக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் சோதனை) உறுதிசெய்வார்கள். சிறுநீர் அடியோடு அடைத்துக்கொண்டாலோ குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.